ஒக்டோபரில் வருமாம்

ஒக்டோபரில் வருமாம்.
வராமலும் விடுமாம். போன முறை
வசந்தம் எண்டு சொல்லி
பனி கொட்டத் தொடங்கின பிறகுதான் வந்தது.

ஸ்காபரோ, மார்க்கம் வீதி, பதினாலாம் இலக்கக் கடை.
ஒரு பக்கம் சாறிக்கடை, மற்றப் பக்கம் கொத்து ரொட்டி.
சுவருக்கு அப்பால் தகரம் அடிபடுகிற சத்தத்தில்
கவினன் கைபேசியைப் பார்த்து வாசிக்கிறான்,
சனிப்பெயர்ச்சிப் பலன் சொல்லுகிற குரலில்:

கீழ்ப்பட்டையை இனி மேலேயும் வைக்கலாமாம்,
இடப்பக்கமும் வைக்கலாமாம்.
முந்தி வைக்கக்கூடியதாகத்தானே இருந்தது, தம்பி?
ஓம் அன்ரி, பறிச்சுப்போட்டுத் திரும்பத் தருகினம்.

யன்னல்களின் மூலை இன்னும் உருளுமாம்.
கட்டுப்பாட்டுப் பலகத்தை முழுதாய்த் தூக்குகினமாம்.
இதை நான் ஐந்து தரம் கேட்டுவிட்டேன்.
ஐந்து தரமும் அது
ஏதோ ஒரு சொடுக்கின் அடியில்
அதே சாம்பல் நிறத்தில் குந்தியிருந்தது.

இணையம் இல்லாமல் உள்ளே விடாதாம்.
திரையை இடைக்கிடை படம்பிடித்து வைத்து
போன செவ்வாய் என்ன செய்தாய் எண்டு கேட்டால்
சொல்லித் தருமாம்.
போன செவ்வாய் நான்
ஒரு சாமத்தியவீட்டு அழைப்பிதழில்
பிள்ளையின் பெயரைப் பிழையாய் அடித்து
இருநூற்றைம்பது பிரதி எடுத்தேன்.
அதற்குச் சாட்சி வேண்டாம்.

எட்டு வருசத்துக்கு முந்தின பெட்டியில் ஏறாதாம்.
என்னுடையதுக்குப் பதினொன்று.

எழுத்துரு? எண்டு கேட்டேன்.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
அதைப்பற்றி ஒண்டும் போடேல்லை அன்ரி.

பாமினியில் அம்மா எண்டால்
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
எழுத்துரு இல்லாத கணினி
அம்மாவை அப்படித்தான் காட்டும்,
யாரோ மறந்துபோன கடவுச்சொல் மாதிரி.
இரண்டாயிரத்து நாலிலிருந்து நான் அடித்த
மரண அறிவித்தல் முழுக்க அதில்தான் கிடக்கிறது,
பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்.

சனி இரவு
பின்னறை மடிக்கணினியில் பரிசோதனைப் பதிப்பை ஏற்றினான்.
மூன்று தரம் நிண்டு எழும்பியது.
வணக்கம் எண்டது. பெயர் கேட்டது.
தவமலர் எண்டு கொடுத்தேன்,
அடியில் சிவப்பாய்ப் புழு நெளிந்தது.

அடுத்த சொல்லைத் தானே ஊகிக்குமாம்.
சரி பாப்பம் எண்டு
அன்னார் எண்டு அடிக்கப் போனேன்.
அன்னா வரைக்கும் வர
அன்னாசி எண்டு நீட்டியது.
அன்னாசி அமரர் குலவீரசிங்கத்தின்
அன்பு மனைவியும்...
கவினன் கதிரையால் விழுந்து சிரித்தான்.
நானும்தான். பாவம், அந்த மனுசி.

பிறகு ஒரு பழைய கோப்பைத் திறந்தேன்.
நினைத்தது சரி.
பெயர், ஊர், பிள்ளைகள், மருமக்கள், பெறாமக்கள்
எல்லாம் எம்மும் கேயும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறி
நடுவில்
இலக்கங்கள் மட்டும் அசையாமல் நிண்டன.
பிறந்த திகதி.
இறந்த திகதி.
கீழே நாலு ஒண்டு ஆறில் தொடங்குகிற
மூன்று தொலைபேசி எண்கள்.

கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆரெண்டு தெரியவில்லை. ஆனால்
எழுபத்துமூன்று வயது,
மாசி மாதம்,
ஆரைக் கூப்பிடுவதெண்டது தெரிந்தது.

கவினன் சாவித்துண்டைச் செருகி
எழுத்துருவை இரண்டு சொடுக்கில் ஏற்றினான்.
அவ்வளவுதான்.
நயினாதீவு வந்தது. மருமக்கள் வந்தார்கள்.
ஒரு மாதமாய் நான் நித்திரை கெட்டது இதுக்கோ?

அச்சு இயந்திரத்தைத்தான் அதுக்குத் தெரியவில்லை.
இணைப்பைக் கழற்றிக் கொழுவினோம்.
தேடுகிறேன், தேடுகிறேன் எண்டு
வட்டம் சுற்றியது.
அது சுற்றட்டும் எண்டு விட்டு
விளக்கை அணைத்தேன்.

வெளியே
கொத்து ரொட்டிக்காரர் குப்பையோடு நிண்டார்.
அக்கா, கணினி எல்லாம் மாறப்போகுதாமே,
விலையும் ஏறுமோ?

கறுப்பு வெள்ளை பழைய விலை எண்டேன்.
கலருக்குப் பத்துச் சதம் கூட.
அது வேறை காரணம்.